மோஸ்தர்

அச்சுக்குப் போகும் ஃபைலில் நிறம் கிடையாது. நிறத்தின் பெயர்தான் இருக்கிறது. அச்சுத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்திருப்பதாலேயே யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியது என்று எனக்குப் படுகிறது. தன் வசம் இல்லாத ஒன்றைப்பற்றி, தான் பார்க்கப்போகாத ஒரு மனிதனிடம், ஒருவன் எப்படி உண்மை பேச முடியும் என்பது இதிலுள்ள கேள்வி. எழுதுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆனால் எழுத்தில் அது சுலபமாகப் புகைமூட்டமாகிவிடுகிறது. அச்சகத்தில், வீணான தாள்கள் கட்டுக்கட்டாக மூலையில் கிடப்பதால், தப்பித்துக்கொள்ள வழியில்லை.

ஆஃப்செட்டில் நிறம் காட்ட இரண்டு மார்க்கங்கள். ஒன்று, ஸயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைச் சன்னமான புள்ளிகளாக, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன்பக்கம் ஒன்றுமாக இறக்குவது. வயலின் பச்சையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே பச்சை மை என்று எதுவும் இல்லை. பச்சை பிறப்பது பார்க்கிறவன் கண்ணில். மற்றது, வேண்டிய நிறத்தையே முன்கூட்டிக் குழைத்து, அதற்கென்று தனி பிளேட் போட்டு ஓட்டுவது. ஸ்பாட் கலர் என்பது இது. லென்ஸ் வைத்தாலும் அது அதுவாகத்தான் இருக்கும். கொளுத்தும் ஆரஞ்சு, ஆழ்ந்த ஊதா, தங்கம், வெள்ளி, இவற்றையெல்லாம் நான்கு மையால் எட்ட முடியாது. தனி மை வேண்டும். முதல் மார்க்கம் தோற்றத்துக்குப் பொறுப்பேற்கிறது, இரண்டாவது பொருளுக்கு. ஒன்று பொய் மற்றது மெய் என்று உடனே தீர்ப்புச் சொல்ல ஆசை வரும். அப்படியல்ல. ஒரு முகத்தின் புகைப்படத்தை அச்சிட நான்கு மைதான் நியாயம். முகத்துக்கு என்று தனி மை எந்த டப்பாவிலும் இல்லை.

நம் சிறுபத்திரிகைகளுக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. உள்ளே கறுப்பு, அட்டையில் கறுப்போடு இன்னொரு நிறம், அவ்வளவுதான். ட்ரெடிலின் உருளையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, செங்கல் சிவப்போ கருநீலமோ கத்தியால் எடுத்துத் தடவி, பிளாக்கை ஏற்றி மிதித்தார்கள். அந்த ஒற்றை நிறத்தை அழகுணர்ச்சியின் தேர்வு என்று பிற்பாடு சிலர் எழுதினார்கள். காசில்லாததன் தேர்வு அது. நான்கு வர்ணம் வாரப்பத்திரிகைகளின் சொத்தாக இருந்தது. இன்று கணக்கு தலைகீழ். நான்கு வர்ண இயந்திரங்கள் அதே நான்கு மையோடு இடைவிடாமல் ஓடுகின்றன, பலருடைய வேலையை ஒரே தாளில் சேர்த்துப் போட்டு ஓட்டி, வெட்டிக் கொடுக்கிறார்கள், மலிவு. ஐந்தாவதாக ஒரு மை கேட்டால் பிளேட்டுக்குத் தனிக் காசு, உருளைகளைக் கழுவும் நேரத்துக்குத் தனிக் காசு. ஏழையின் நிறம் இன்று கம்பெனி முத்திரைகளுக்கும் தங்க எழுத்துக் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் உரியதாகிவிட்டது. வறுமையை மேன்மைப்படுத்தும் உத்தேசம் எனக்கில்லை. ஒரு நிறத்தை மட்டும் கேட்க முடிந்தபோது, எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஃபைல் தயாரிக்கிறவன் பார்ப்பது திரையின் ஒளியை. காகிதத்தில் மை, விழுகிற ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அடிப்படையிலேயே இரண்டும் வேறு. ஆகவே திரையில் தெரிகிற சிவப்பு ஒரு உத்தேசம், அதற்கு மேல் இல்லை. இன்னொன்று இதைவிட விசித்திரமானது. அட்டையில் சில இடங்களில் மட்டும் நிறமற்ற வார்னிஷ் பூச வேண்டுமென்றால் அதற்கும் ஃபைலில் ஒரு ஸ்பாட் கலர்தான் உண்டாக்குவார்கள். நிறமில்லாததைத் திரையில் காட்ட முடியாதே, அதனால் கண்ணில் அறைகிற ஏதோ ஒரு பொய் நிறத்தை, பெரும்பாலும் மெஜந்தாவை, அதற்குக் கொடுத்து, 'வார்னிஷ்' என்று பெயர் எழுதிவிடுவார்கள். விஷயம் தெரியாதவன் அதைப் பார்த்தால் அட்டை நாசமாகிவிட்டது என்பான். அந்த ஃபைலில் யாரையும் ஏமாற்றாத பகுதி அது ஒன்றுதான். தான் தோற்றமல்ல, கட்டளை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. மற்றதெல்லாம் தோற்றம் காட்டிக்கொண்டே கட்டளையிடுகின்றன. தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற ரயில் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் அனுப்பம்பட்டு என்று ஒரு ஸ்டேஷன். பெயரிலேயே அனுப்புதல் இருக்கிறது. சொல்லாராய்ச்சி அல்ல, காதில் விழுவதைச் சொல்கிறேன். வடகிழக்கே பழவேற்காட்டு ஏரி, மீன்பிடிக் குப்பங்கள். இங்கிருந்து ஒருவன் கோயில் நோட்டீஸுக்கோ கவிதைத் தொகுப்பின் அட்டைக்கோ கோரல் ட்ராவில் ஃபைல் தயார் செய்து, 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சிவகாசிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்பிவிடலாம். புதுக் காரியம் போலத் தோன்றும். இந்தக் கரைக்கு இது பழைய காரியம், திசைதான் மாறியிருக்கிறது. 400 வருஷங்களுக்கு முன் டிசைன் வெளியிலிருந்து இங்கே வந்தது, நிறம் இங்கிருந்து வெளியே போயிற்று.

பழவேற்காட்டின் வர்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் போவதைப் போர்த்துகீசியரான பர்போசா 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே குறித்திருக்கிறார். பிறகு டச்சுக்காரர்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை; 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடுதான். கிழக்கிந்தியத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்கக் காசைவிட இந்தத் துணி செல்லுபடியாயிற்று. எந்தத் தீவில் எந்தக் கரை, எந்தச் சிவப்பு விலைபோகும் என்று கணித்து, மாதிரித் துண்டுகளை இங்கே அனுப்பி, இதைப்போல நெய்து வா, இதைப்போல எழுதி வா என்றார்கள். வந்த துணியை மாதிரியோடு வைத்துப் பார்த்துத் தரம் பிரித்தார்கள்; ஒவ்வாததை விலை குறைத்தார்கள் அல்லது தள்ளினார்கள். இந்த மாதிரிக்குக் கம்பெனி வியாபாரத்தில் வழங்கிய சொல் போர்த்துகீசிய 'மோஸ்த்ரா'விலிருந்து வந்தது. நம் 'மோஸ்தர்' அதுதான். இன்று நாம் மோஸ்தர் என்றால் நாகரிகம், பாணி, அலை என்று பொருள் கொள்கிறோம். இலக்கியச் சண்டையில் வசைச் சொல்லாகவும் உபயோகிக்கிறோம். பதில் சொல்லவேண்டிய ஒரு துண்டுத் துணி, எல்லோரும் பின்னால் ஓடுகிற ஒன்றாக மாறிப்போன கதை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

அந்தத் துணிகளை எழுதியவர்களின் வேலைமுறையை நினைத்துப் பார்க்கிறேன். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், சிவப்பு வரவேண்டிய இடத்தில் அவர்கள் சிவப்பைத் தீட்டவில்லை. படிகார நீரைத் தீட்டினார்கள். படிகார நீருக்கு நிறமில்லை. பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்ட கொப்பரையில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டியது துவைத்து வெயிலில் போட வெளுத்துவிடும். நீலத்துக்கு வேறு விதி: நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வழி, தனி முறை. ஸ்பாட் கலர் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துகிற விஷயம் வேறு. நிறமில்லாத படிகார நீரால் எழுதுகிறவன், எங்கே எழுதியிருக்கிறோம் என்று தன் கண்ணுக்குத் தெரிவதற்காக, அதில் பதிமுகக் கட்டையின் சாயத்தைக் கொஞ்சம் கலந்துகொள்வான். அந்தச் சாயம் நிற்காது. வேலை முடியுமுன் போய்விடும். வரப்போகும் சிவப்புக்கு இடம் பிடித்து வைக்கிற ஒரு பொய்ச் சிவப்பு. ஃபைலில் வார்னிஷுக்குக் கொடுக்கிற மெஜந்தா இதேதான். அன்றும் எழுதியது தோற்றத்தை அல்ல, கொப்பரைக்கான கட்டளையை.

இதெல்லாம் நமக்குத் தெரியவந்த விதமும் நெருடலானது. 1742இல் கேர்தூ என்ற யேசு சபைப் பாதிரியார் (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டவர்களில் ஒருவராக நாம் அறிந்தவர்தான்) துணி எழுதும் தொழிலிலிருந்து கிறிஸ்துவத்துக்கு வந்தவர்களிடம் கேட்டறிந்து பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார், ஐரோப்பியத் தொழிலுக்கு உதவும் என்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பாண்டிச்சேரியில் போலியூ என்ற கப்பல் அதிகாரி ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். குறிப்புகளோடு அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்னும் இருக்கின்றன. அச்சகத்தில் ஒவ்வொரு பிளேட்டாகச் சேர்த்துப் பார்க்கிற ப்ரூஃப் வரிசை போல. எழுதியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

துல்லியமாகச் சொல்வதே நேர்மை என்ற முடிவுக்கு இவ்வளவு தூரத்தில் வந்துவிடலாம் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் சாய்கிறேன். ஆனால் பழவேற்காடு அதை அனுமதிப்பதில்லை. துணியின் நீளம், அகலம், நூலின் தரம், சிவப்பின் அழுத்தம் என்று இத்தனை கவனமாகக் கணக்கு எழுதிய அதே கம்பெனி, 17ஆம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து மனிதர்களையும் பட்டேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதற்கும் கணக்கு இருந்தது. அதுவும் துல்லியமாகத்தான் இருந்திருக்கும். கட்டளை தெளிவாக இருப்பது ஒரு குணம். அதை நிறைவேற்றுகிறவன் மனிதன் என்ற நினைவு கட்டளைக்குள் இருப்பது இன்னொரு குணம். முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது.

இன்றைய அச்சகத்தில் இந்த இரண்டாவது குணம் எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தால், சொல்லாமல் விட்டதில். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன் படுகிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவன் வலை கட்டிய இடத்தை அடுத்த முறைக்காரனுக்கு விட்டாக வேண்டும். காகிதத்தில் எழுதி வைத்ததால் மட்டும் நடப்பதல்ல அது. எழுதாததை எல்லோரும் அறிந்திருப்பதால் நடப்பது. பழைய கம்பாஸிட்டரும் அப்படித்தான். கையெழுத்துப் பிரதியில் ஒற்று விட்டுப்போனால் அவர் போட்டுக்கொள்வார். ஃபைலுக்கு அந்தத் தயை கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, தவறாகச் சொன்னதை அதைவிட விசுவாசமாகச் செய்யும். ஒரே சிவப்பை ஒரு இடத்தில் 'சிவப்பு' என்றும் இன்னொரு இடத்தில் 'சிவப்பு 1' என்றும் பெயரிட்டிருந்தால் இரண்டு பிளேட் வந்து நிற்கும். பெயர் இரண்டானால் பொருளும் இரண்டு என்பது அதன் தத்துவம். நீல அட்டையில் வெள்ளை எழுத்தாக ஆசிரியர் பெயரைப் போட்டு, அதற்கு 'ஓவர்பிரின்ட்' என்ற குறி தவறிப்போய் விழுந்துவிட்டால், திரையில் பெயர் ஜம்மென்று தெரியும். அச்சில் நீலம் மட்டும் இருக்கும், ஆசிரியர் இருக்கமாட்டார். இயந்திரத்தின்மேல் பிசகில்லை. வெள்ளை என்பது மையல்ல, காகிதம். நீலம் விலகி இடம் விட்டால்தான் வெள்ளை உண்டு. 'நீலத்தின்மேல் ஒன்றுமில்லாததை அடி' என்று சொன்னோம், அடித்துவிட்டது.

தமிழுக்கு இதில் ஒரு பிரத்யேக அவஸ்தை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தால் கவிதை முழுவதும் ரோமன் எழுத்துக் குப்பையாக மாறிவிடும். அதற்குப் பயந்து 'கர்வ்' பண்ணி அனுப்புவது வழக்கமாயிற்று, இன்றும் விடவில்லை. அதாவது எழுத்தை எழுத்தாக இல்லாமல் வெறும் வளைகோடாக ஆக்கிவிடுவது. வடிவம் எங்கே போனாலும் மாறாது. ஆனால் அதற்கப்புறம் அது எழுத்தல்ல. 'க'வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் சேர்க்க வேண்டுமென்றால்கூட முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசி வரியைத் திருத்தச் சொல்லிக் கவிஞர்கள் போன் செய்வது எப்போதும் கர்வ் பண்ணி முடித்த பிறகுதான். வடிவத்தைக் காப்பாற்ற உயிரை எடுத்துவிடுகிற இந்தக் காரியத்தைப் பதிப்பாசிரியர்கள் செய்வதற்கு அச்சகம் வரை போகவேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, இங்கே வேண்டாம்.

பெயருக்குத் திரும்புகிறேன். விட்கன்ஸ்டைன் 1953இல் வெளியான 'தத்துவ ஆய்வுகள்' நூலை ஏறக்குறைய ஒரு ஸ்பாட் கலர் வேலையோடுதான் தொடங்குகிறார். ஐந்து சிவப்பு ஆப்பிள் என்று எழுதிய சீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்தால், அவர் 'சிவப்பு' என்ற சொல்லை ஒரு நிறப் பட்டியலில் தேடி, எதிரே இருக்கிற நிறத்தோடு ஒத்துப் பார்த்து எடுக்கிறார். பத்து வருஷம் கழித்து, 1963இல், அமெரிக்காவில் லாரன்ஸ் ஹெர்பர்ட் அந்தப் பட்டியலை நிஜமாகவே செய்துவிட்டார். பான்டோன் புத்தகம் என்று எல்லா அச்சகத்திலும் விசிறி மாதிரி விரிகிறதே, அது. குறிப்பிட்ட சில மூல மைகளை இன்ன விகிதத்தில் குழைத்தால் இன்ன எண். நியூயார்க்கில் 485 என்றால் சிவகாசியிலும் அதே சிவப்பு. உண்மையில் மகத்தான ஏற்பாடு. ஆனால் அந்த எண்ணின் பின்னால் பளபளப்பான காகிதத்துக்கு ஒரு எழுத்தும் சாதாரணக் காகிதத்துக்கு இன்னொரு எழுத்தும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரே மை இரண்டிலும் ஒரே நிறமாக இருப்பதில்லை. பெயர் பூரணமாவதற்குக் காகிதம் சம்மதிக்க வேண்டும்.

2022 கடைசியில் நடந்தது இன்னும் கூர்மையானது. அடோபி மென்பொருள்களில் இருந்த பான்டோன் பட்டியல்களுக்கு இனித் தனி மாதச் சந்தா என்றார்கள். சந்தா இல்லாதவர்கள் பழைய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறந்தால், பான்டோன் பெயரிட்ட இடங்களெல்லாம் கறுப்பாக இருந்தன. மை எங்கேயும் போகவில்லை. டப்பாவில் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் வாடகைக்குப் போயிற்று. பொதுச் சொல் என்று நம்பிப் பேசிக்கொண்டிருந்த ஒன்று இன்னொருவன் பட்டா நிலம் என்று தெரிந்தது. பெயரை மட்டும் நம்பினவனுக்கு இந்தக் கறுப்பு நியாயமான கூலி என்று சொல்லமாட்டேன். அவன் உழைப்பு அதில் இருந்தது. ஆனால் மாதிரித் துண்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் விமரிசனத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்கைந்து மூலச் சொற்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, எந்தப் படைப்பையும் எந்த நிறமாகவும் தூரத்திலிருந்து காட்டிவிடுகிற திறமை நமக்குக் கைவந்திருக்கிறது. அந்நியமாதல் கொஞ்சம், தொன்மம் கொஞ்சம், விளிம்பு கொஞ்சம், பிரதி கொஞ்சம். லென்ஸ் வைத்தால் அந்தக் குறிப்பிட்ட கவிதையின் மை ஒரு சொட்டுக்கூட அங்கே இல்லை. இது மோஸ்தர், இன்றைய அர்த்தத்தில். பழைய அர்த்தத்தில் மோஸ்தர் கேட்கிறவன், துண்டை வெட்டி எடுத்து மேஜையில் வைத்து, இதோ இந்த வரி, இதற்குப் பதில் சொல் என்பான். அதற்குத் தனி பிளேட் போட வேண்டும், உருளையைக் கழுவ வேண்டும், செலவு அதிகம்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு அச்சகத்தின் பதில், ப்ரூஃபில் யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்களுடையது. நல்ல பதில், பாதிப் பதில். நான்கு வர்ண ப்ரூஃபைப் பார்த்து ஸ்பாட் கலருக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த ப்ரூஃபில் அந்த மையே இல்லை. பிறகு நிறம் மாறியது என்று தகராறு வந்தால் மிஷின்மேன்தான் கடைசியில் தலைகுனிந்து நிற்கிறார், பழவேற்காட்டில் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவனைப்போல. கட்டளையிடுகிறவன் நஷ்டத்தில் பங்கு ஏற்காதவரை அவன் துல்லியத்துக்கு நான் பெரிய மரியாதை கொடுக்கத் தயாரில்லை. மாதிரி என்பது இரு பக்கத்தையும் கட்டுகிறபோதுதான் மாதிரி; ஒரு பக்கத்தை மட்டும் கட்டினால் அது சாட்டை.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இன்னும் சில அச்சகங்களில் நடக்கிறது. எந்தக் காகிதத்தில் அட்டை வரப்போகிறதோ அதே காகிதத்தில், குழைத்த மையை விரலால் தட்டி, ஒரு நாள் காயவிடுகிறார்கள். ஈரத்தில் தெரிவதும் காய்ந்தபின் தெரிவதும் ஒன்றல்ல. டியூப்லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடும் என்பதால் வாசலில் கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டு, நடுவில் கிழித்து, ஒரு பாதி வேலைச் சீட்டோடு அங்கேயே இருக்கிறது, மறு பாதி தபாலில் வருகிறது. ஃபைல் நொடியில் போய்விடுகிறது. இந்தத் துண்டு அனுப்பம்பட்டுக்கு வந்துசேர நாலைந்து நாளாகும்.